ஐடி வேலை தெரியும், தொண்டு நிறுவனத்துக்கு உதவ ஆசை: எங்கிருந்து தொடங்குவது?

சனி, ஞாயிறு கையில் இருக்கிறது. புரோகிராமிங், சர்வர், டேட்டாபேஸ் என்று ஏதோ ஒன்று நன்றாகத் தெரியும். அதை ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறீர்கள். நானும் அந்த எண்ணத்தோடுதான் போனேன். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு சிறிய அறக்கட்டளை. மாலை நேர வகுப்பும் ஒரு குழந்தைகள் இல்லமும் நடத்துகிறார்கள். நன்கொடையாளர் விவரம், ரசீது, மாதக் கணக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கு மாதம் உட்கார்ந்து ஒரு அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் அலுவலக அக்கா பழைய பில் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார்.

அவர் மேல் தப்பே இல்லை. மதியத்தில் கரண்ட் போகும், கூடவே இன்டர்நெட்டும் போகும். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வந்த குடும்பம் எதிரே நிற்கும். அவர்களுக்கு ரசீதை அப்போதே எழுதிக் கொடுத்தாக வேண்டும். நான் ஒரு நாள்கூட அந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காததால் இது எனக்குத் தெரியவில்லை. அந்த நான்கு மாதத்தில் அக்காவின் நேரமும் போனது, என் நேரமும் போனது. அடுத்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் உங்கள் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள்

வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பல ஐடி கம்பெனிகளின் ஒப்பந்தத்தில், பணியில் இருக்கும் காலத்தில் நீங்கள் எழுதும் கோடு (புரோகிராம்) எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்ற பொருளில் ஒரு பத்தி இருக்கும். சம்பளம் வாங்காமல் செய்தாலும் அந்தப் பத்தி பொருந்தக்கூடும். நாளைக்குச் சிக்கல் வந்தால் மாட்டிக்கொள்வது அறக்கட்டளையும்தான்.

அதனால் எச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். ஐந்து வரி போதும்: எந்த அறக்கட்டளை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் கிடையாது, சொந்த லேப்டாப்பில்தான் செய்வேன், எழுதும் கோடு அறக்கட்டளைக்குச் சொந்தம். ‘சரி’ என்று பதில் வந்தபின் தொடங்குங்கள். எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. வாயால் கேட்டு, வாயால் ‘சரி’ வாங்கிக்கொள்வது போதாது. மேனேஜர் மாறினால் அந்தச் சொல் நிற்காது.

ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் லைசென்ஸ், ஆபீஸ் கிளவுட் அக்கவுண்ட் எதையும் இதற்குத் தொடாதீர்கள். அரை மணி நேர வேலைக்குக்கூட வேண்டாம்.

கம்பெனியிலேயே இதற்கென்று ஒரு ஏற்பாடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். டாடா குழுமத்தில் ‘புரோஎங்கேஜ்’ என்ற திட்டம் உண்டு. ஊழியர்கள் தங்கள் தொழில் திறமையை ஆறு மாதம் வரை பகுதி நேரமாகத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கலாம். வேறு பல கம்பெனிகளும் வருடத்துக்குச் சில நாள் தன்னார்வ விடுப்பு தருகின்றன. கேட்காதவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

2. நிறுவனத்தைத் தேடுங்கள், காகிதங்களைப் பாருங்கள்

உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போய்விடக்கூடிய இடமாகப் பாருங்கள் என்பதே என் முதல் யோசனை. நேரில் போக முடியாத இடத்துக்கு முதல் முறையே உதவப் போவது கஷ்டம். தெரிந்தவர் மூலம் கிடைக்கவில்லை என்றால் ஐவாலண்டியர், சென்னையில் தொடங்கிய பூமி போன்ற அமைப்புகளில் பதிவு செய்யலாம். வீட்டிலிருந்தபடிதான் முடியும் என்பவர்களுக்கு ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் இணையவழிச் சேவை இருக்கிறது. தமிழில் கட்டற்ற மென்பொருள் வேலை செய்யப் பிடிக்கும் என்றால் கணியம் அறக்கட்டளை. கிராமத்து மாணவர்களுக்குக் கணினி சொல்லித்தர ஆசை என்றால் விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு.

இடம் கிடைத்ததும் பணிவாகக் கேட்டுப் பார்க்க வேண்டிய காகிதங்கள்:

பதிவுச் சான்று (அறக்கட்டளைப் பத்திரமாகவோ, சங்கப் பதிவாகவோ, பிரிவு 8 கம்பெனி, அதாவது லாப நோக்கில்லாத கம்பெனிப் பதிவாகவோ இருக்கலாம்), அமைப்பின் பெயரில் உள்ள பான் அட்டை, வருமான வரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகள், தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் பதிவுத் தளமான என்ஜிஓ தர்ப்பண் தரும் எண்.

“கம்ப்யூட்டர் பார்க்க வந்த தம்பிக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தொண்டு நிறுவனங்களுக்கு இலவசமாக மென்பொருள் தரும் கம்பெனிகள் பெரும்பாலும் கேட்பது இந்தக் காகிதங்களைத்தான். அதைச் சொன்னதும் அறங்காவலரே ஃபைலை எடுத்துவந்து கொடுத்தார்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பத்திரத்தில் அமைப்பின் பெயர் ஒரு எழுத்துக்கூட்டில் இருக்கும், பான் அட்டையில் வேறு மாதிரி இருக்கும், வங்கிக் கணக்கில் மூன்றாவது மாதிரி இருக்கும். ‘அறக்கட்டளை’ என்பதை ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் ஒலிபெயர்த்தும் இன்னொரு இடத்தில் மொழிபெயர்த்தும் போட்டிருப்பார்கள். இந்த வித்தியாசத்தால் இலவச மென்பொருள் கேட்டு நாங்கள் போட்ட விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் நாளிலேயே எல்லாக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பான் அட்டையில் திருத்தம் வேண்டுமென்றால் அதை ஆடிட்டர் மூலம் உடனே தொடங்கச் சொல்லுங்கள். மற்ற வேலைகள் அது முடியும்வரை காத்திருக்கும்.

குழந்தைகள் இல்லம் என்றால் உங்களிடமும் காகிதம் கேட்பார்கள்: ஆதார் நகல், புகைப்படம், சில இடங்களில் காவல்துறை சரிபார்ப்புச் சான்று. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம். கேட்கிறார்களே என்று வருத்தப்படாதீர்கள். கேட்கும் இல்லம் குழந்தைகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறது.

3. முதல் இரண்டு சனிக்கிழமையும் லேப்டாப்பைத் திறக்க வேண்டாம்

சும்மா உட்கார்ந்து பாருங்கள். காலையில் யார் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறார்? ஒரு நன்கொடை வந்தால் அந்தப் பணம், அந்தப் பெயர், அந்த போன் நம்பர் எங்கெங்கே எழுதப்படுகின்றன? ஒரே விவரத்தை எத்தனை இடத்தில் எழுதுகிறார்கள்? நான் இரண்டாவது முறை போனபோது எண்ணினேன், நான்கு இடம்: பில் புத்தகம், நாள் கணக்கு நோட்டு, ஆடிட்டருக்கு அனுப்பும் எக்செல், நன்றிக் கடிதத்துக்கான இன்னொரு எக்செல்.

பெரும்பாலும் கேட்பது ‘ஒரு ஆப் பண்ணித் தாங்க’ அல்லது ‘வெப்சைட் புதுசா வேணும்’ என்றுதான் இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் வேறு வேலைகள் தெரியும். பேக்கப் இல்லாத ஒரே ஒரு கம்ப்யூட்டர். யாருக்கும் பாஸ்வேர்ட் தெரியாத மெயில் அக்கவுண்ட். பழைய ஃபான்ட்டில் அடித்து வைத்த, வேறு கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும் பத்து வருடத் தமிழ்க் கடிதங்கள். இவற்றைச் சரிசெய்வதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

4. ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

தமிழிலேயே எழுதுங்கள். என்ன வேலை, எது இதில் சேராது, எந்தத் தேதிக்குள், அவர்கள் பக்கத்தில் யார் பொறுப்பு, செலவு யாருடையது, முடிந்தபின் எத்தனை வாரம் போனில் உதவுவீர்கள். இவ்வளவுதான். எட்டு முதல் பத்து வாரத்தில் முடிகிற ஒரே ஒரு வேலையை எடுங்கள். அதற்கு மேல் போனால் உங்கள் ஆபீஸில் ஏதாவது ஒரு ரிலீஸ் வரும், ஒரு மாதம் காணாமல் போவீர்கள், பாதியில் நிற்கும்.

அவர்கள் பக்கத்தில் பொறுப்பேற்பவர் தினமும் அந்த வேலையைச் செய்கிற ஆளாக இருக்கட்டும். அறங்காவலர் சம்மதம் வேண்டும்தான். ஆனால் எதைச் செய்தால் ஓடும், எதைச் செய்தால் ஓடாது என்பது அந்த அக்காவுக்குத்தான் தெரியும்.

எப்போது தொடங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். மார்ச், ஏப்ரலில் ஆண்டுக் கணக்கு முடிப்பார்கள். மே மாதம் முழுவதும் வருமான வரித் துறைக்கு நன்கொடை விவரத் தாக்கல். ஜூனில் பள்ளிச் சேர்க்கை. செப்டம்பரில் ஆடிட். இந்த மாதங்களில் போய் ‘புது சிஸ்டம் கத்துக்கங்க’ என்று சொன்னால் யாராலும் முடியாது. ஜூலை நடுவிலோ, தீபாவளி முடிந்த கையோடோ தொடங்குங்கள்.

5. எல்லா அக்கவுண்டும் அறக்கட்டளை பெயரில்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

எனக்கு முன்பு வந்த ஒரு தன்னார்வலர் நல்ல மனதோடு தன் கார்டில், தன் மெயிலில் டொமைன் வாங்கிக் கொடுத்திருந்தார். பிறகு வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லும் மெயில்கள் அவர் பார்க்காத பழைய மெயிலுக்குப் போயின. ஒரு நாள் வெப்சைட்டும் போனது, அந்த டொமைனில் இருந்த எல்லா மெயிலும் போயின. பதினோரு வருடமாக நோட்டீஸிலும் ரசீதிலும் அச்சடித்த முகவரி அது.

டொமைன் காலாவதியானால் உடனே கைவிட்டுப் போய்விடாது. விற்ற நிறுவனத்தைப் பொறுத்துச் சில நாள் முதல் ஒன்றரை மாதம் வரை சாதாரண விலையில் புதுப்பிக்கலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதம் பல மடங்கு. அதற்குப் பின் 5 நாளில் அழிக்கப்பட்டு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நாங்கள் மீட்புக் காலத்தில் பிடித்தோம். ஏறக்குறைய எட்டாயிரம் ரூபாய் ஆனது. ஒரு வாரக் காய்கறிச் செலவு.

ஆகவே செய்ய வேண்டியது இது. டொமைனை அறக்கட்டளை பெயரில், அறக்கட்டளையின் வங்கிக் கணக்கிலிருந்து வாங்குங்கள். முதல் வருடம் சல்லிசாகத் தருவார்கள், புதுப்பிக்கும் விலை என்ன என்று பார்த்து வாங்குங்கள். ஆண்டுக்குச் சுமார் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு என்று வைத்துக்கொள்ளலாம். முடிந்தால் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடச் சொல்லுங்கள். பில் ஆடிட்டர் ஃபைலில் போகட்டும்.

ஓடிபி எந்த நம்பருக்கு வருகிறது என்று பாருங்கள். யாரோ ஒருவருடைய சொந்த நம்பராக இருந்தால் மாற்றுங்கள். அலுவலகத்துக்கென ஒரு சிம் வாங்கி, ஒரு சாதாரண போனில் போட்டு வையுங்கள். அந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் நம்பர் போய்விடக்கூடும். அதற்கும் ஒரு தேதி குறித்து வையுங்கள்.

ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் இரண்டு அட்மின், இருவரும் அறக்கட்டளை ஆட்கள். பாஸ்வேர்டுகளை பிட்வார்டன், கீபாஸ் மாதிரி ஒரு பாஸ்வேர்ட் மென்பொருளில் வைக்கலாம். அது அவர்களுக்குச் சரிப்படவில்லை என்றால் ஒரு காகிதத்தில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வைக்கட்டும். பீரோவில் இருக்கும் காகிதம், ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் பாஸ்வேர்டைவிட எவ்வளவோ மேல்.

6. இலவசமாகக் கிடைப்பதை வாங்கிய பின்பே எதையும் எழுதுங்கள்

கூகுள் ஃபார் நான்ப்ராஃபிட்ஸ்: சரிபார்ப்பு முடிந்தால் சொந்த டொமைனில் மெயில், டிரைவ், ஷீட் எல்லாம் கட்டணமில்லாமல் கிடைக்கும். பள்ளிகள், மருத்துவமனைகள், அரசு அமைப்புகளுக்கு இந்தத் திட்டம் கிடையாது. அறக்கட்டளை ஒரு பள்ளியும் நடத்தினால் விண்ணப்பத்தில் அறக்கட்டளையின் வேலையைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லுங்கள். பெயர்ச் சிக்கல் தீர்ந்தபின் எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

மைக்ரோசாஃப்ட்டும் தகுதியுள்ள அமைப்புகளுக்கு 300 பேர் வரை இணையத்தில் மட்டும் ஓடும் வேர்டு, எக்செல், மெயில் தருகிறது. கான்வா 50 பேர் வரை இலவசம். நன்றி அட்டை, நோட்டீஸ் செய்ய அது ஒன்றே போதும். களத்தில் போய்க் கணக்கெடுக்கும் அமைப்பு என்றால் கோபோடூல்பாக்ஸைப் பாருங்கள். இன்டர்நெட் இல்லாத இடத்திலும் போனில் படிவம் நிரப்பிவிட்டுப் பிறகு அனுப்பலாம்.

கூகுள் மாதம் பத்தாயிரம் டாலர் மதிப்புக்கு விளம்பரமும் தருகிறது. கேட்கப் பெரிதாக இருக்கும். அதைத் தக்கவைக்க யாராவது தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் அதைச் சொடுக்குபவர்களின் விகிதம் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் சிக்கல். சிறிய அறக்கட்டளைக்கு முதல் வருடம் அது வேண்டாம் என்பது என் கருத்து.

வெப்சைட்டுக்கும் அப்படித்தான். வேர்டுபிரஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனால், ப்ளகின்களை அப்டேட் செய்ய ஆள் இல்லாமல் கொஞ்ச காலத்தில் யாரோ உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரம் போட்டுவிடுவார்கள். கூகுள் சைட்ஸில் நான்கு பக்கம் செய்யுங்கள். அக்காவே புகைப்படம் மாற்றலாம்.

செலவைப் பற்றி ஒன்று. நீங்கள் கையிலிருந்து எதையாவது வாங்கித் தர நினைத்தால், பணத்தை வங்கி வழியாக அறக்கட்டளைக்கு நன்கொடையாகக் கொடுத்து, அவர்களை வாங்கச் சொல்லுங்கள். பழைய லேப்டாப்பாகக் கொடுத்தாலோ, உங்கள் நேரத்துக்கு விலை போட்டாலோ 80ஜி வரிச்சலுகை கிடையாது. பணமாகக் கொடுத்தால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்கும் கிடையாது.

7. ரசீது வேலை எடுத்தால் இப்படிச் செய்யுங்கள்

80ஜி உள்ள அமைப்பு, அந்த நிதியாண்டில் வந்த நன்கொடை விவரத்தை மே 31-க்குள் வருமான வரித் தளத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 10பிடி என்று ஆடிட்டர்கள் சொல்வது அதைத்தான். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். தாக்கல் செய்தால்தான் நன்கொடையாளருக்குச் சான்று கிடைக்கும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் படிவ எண்களை மட்டும் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மே மாதமும் அக்கா உட்கார்ந்து நூறு பேருக்கு போன் போட்டு பான் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை நான் செய்தது சின்ன வேலை. பில் புத்தகத்தை அப்படியே விட்டுவிட்டேன். அதில் பான் எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்த்து அடுத்த முறை அச்சடித்தோம். சாயங்காலம் பத்து நிமிடம், அன்றைய ரசீதுகளை ஒரே ஒரு கூகுள் ஷீட்டில் ஏற்றுவார். பான் இல்லாத வரி சிவப்பாகத் தெரியும். ரொக்கமா, காசோலையா, யுபிஐயா என்பதைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். கடைசிப் பக்கம் வருமான வரித் தளம் கேட்கும் வரிசையிலேயே நெடுவரிசைகளை அடுக்கித் தரும். நான் எழுதிய கோடு நாற்பது வரிகூட இருக்காது. மூன்றாவது வருடமாக ஓடுகிறது.

பழைய தமிழ் ஃபைல்கள் இருந்தால் அவை வானவில், பாமினி மாதிரி ஃபான்ட்களில் இருக்கும். எந்த ஃபான்ட் என்று கண்டுபிடித்து யூனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் இதற்கான மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் பத்துக் கடிதத்தையாவது அக்காவிடம் படிக்கக் கொடுங்கள். ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கும், பெயர்களில் அது தப்பாகப் போய்விடும்.

8. குழந்தைகளின் விவரம் உங்கள் லேப்டாப்புக்கு வரக்கூடாது

‘டெஸ்ட் பண்ண டேட்டா வேணும்’ என்று கேட்டால் அவர்கள் நம்பி முழு ஃபைலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டியது நீங்கள். கற்பனைப் பெயர்களோடு இருபது வரி நீங்களே அடித்து வைத்துக்கொண்டு வேலை பாருங்கள்.

பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் தெரியும் படம் எதையும் வெளியிடக்கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய வெப்சைட்டில் குழந்தைகள் படம் இருந்தால் முதல் நாளே அறங்காவலரிடம் சொல்லி எடுத்துவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குழந்தைகளின் விவரத்துக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், அந்தப் பிள்ளை நாளைக்குக் கல்லூரிக்குப் போகும்போது தன் பெயரைத் தேடினால் இந்தப் படம் வரக்கூடாது.

9. கையில் கொடுப்பதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள்

முதல் வாரம் நீங்கள் செய்யுங்கள், அக்கா பார்க்கட்டும். இரண்டாம் வாரம் அக்கா செய்யட்டும், நீங்கள் பாருங்கள். மவுஸை மட்டும் வாங்காதீர்கள். எனக்கு அதுதான் மிகக் கஷ்டமாக இருந்தது. அவர் தேடும்போது கை தானாக நீளும். மூன்றாம் வாரம் அக்கா இன்னொருவருக்குச் சொல்லித்தரட்டும். அங்கே எந்த இடத்தில் தடுக்கிறதோ அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள்.

ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, பிரிண்ட் எடுத்து மேசைக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள்: தினமும் செய்வது, மாதம் ஒருமுறை செய்வது, எந்தத் தேதியில் எதைப் புதுப்பிக்க வேண்டும், கரண்ட் போனால் என்ன செய்வது. வார்த்தைகளை அக்கா சொல்லட்டும், நீங்கள் அடியுங்கள். எங்கள் பக்கத்தில் ‘சிங்க்’ (ஃபைல் இணையத்தில் ஏறுவது) என்று நான் எழுதியிருந்ததை அவர் ‘மேகப் படம் சுத்தி முடியும்வரை மூட வேண்டாம்’ என்று மாற்றினார்.

கடைசி நாளில் உங்கள் பெயரை எல்லா அக்கவுண்டிலிருந்தும் எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் லேப்டாப்பில் அவர்களுடைய ஃபைல் ஏதாவது இருந்தால் அவர்கள் எதிரிலேயே அழியுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை போய், பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். போவதற்கு முன்பு போன் செய்யுங்கள், மதியச் சாப்பாட்டுக்கு உங்களையும் சேர்த்து அரிசி போடுவார்கள்.